கறையா, நிறமா? பல்லை வெண்மையாக்கும் சிகிச்சை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

"கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு டாக்டர். பல்லைக் கொஞ்சம் வெள்ளையா க்ளீன் பண்ணி விட்டுடுங்க." முகூர்த்த மாதங்களில் பல் கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ‘க்ளீன்’ என்ற அந்த ஒரு சொல்லில் மூன்று வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன.

1. பல்லின் மேல் படிந்த காரையையும் கறையையும் எடுப்பது. இது ஸ்கேலிங், அதன் பின் பாலிஷ்.
2. பல்லுக்குள் ஊறிய நிறத்தை மருந்து வைத்து வெளுப்பது. இது ப்ளீச்சிங்.
3. மருந்துக்கு மசியாத பல்லின் மேல் வேறொரு வெள்ளைப் பொருளை ஒட்டி மறைப்பது. வெனீர், கேப், பிசின் பூச்சு எல்லாம் இந்த வகை.

மூன்றுக்கும் செலவு வேறு, பிடிக்கும் நாள் வேறு, பல்லுக்கு நேர்வதும் வேறு. ‘ஸ்கேலிங் செய்தும் பல் வெள்ளையாகவில்லை’, ‘ப்ளீச்சிங் முடிந்து பார்த்தால் கேப் போட்ட பல் மட்டும் மஞ்சளாக நிற்கிறது’ என்று வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்ததால் வருபவை. பல் ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால், எது தேவை என்பது அநேகமாகத் தானே தெரிந்துவிடும். எனவே பல்லிலிருந்தே தொடங்கலாம்.

பல்லின் நிறம் எங்கே இருக்கிறது?

பல்லின் வெளிப்புறம் எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். ஆனால் அது சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒளியை அப்படியே திருப்பி அனுப்புவதில்லை. ஓரளவு ஊடுருவ விடுகிறது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். மெல்லிய வாயில் புடவைக்கு அடியில் உள்பாவாடையின் நிறம் தெரிவது போல, எனாமல் வழியாக டென்டினின் நிறம் தெரிகிறது. நாம் ‘பல்லின் நிறம்’ என்று சொல்வது இந்த இரண்டும் சேர்ந்த தோற்றம்.

இதை வைத்தே பல விஷயங்கள் புரியும். கோரைப்பல் பக்கத்துப் பற்களைவிட மஞ்சளாக இருப்பது, அதில் டென்டின் தடிமனாக இருப்பதால். ஆறேழு வயதுக் குழந்தைக்குப் பால்பல் விழுந்து முளைக்கும் புதுப் பல் மஞ்சளாகத் தெரிந்து பெற்றோர் பதறுவார்கள். பால்பல் இயல்பாகவே கூடுதல் வெள்ளை. நிலைப்பல் அதன் பக்கத்தில் நிற்கும்போது மஞ்சளாகப் படுகிறது. அது நோய் அல்ல. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது. ஐம்பது வயதுக்காரரின் பல் இருபதில் இருந்ததைவிட மஞ்சளாவது இதனால்தான். ஒழுங்காகப் பல் தேய்ப்பவருக்கும் இது நேரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதோடு அழிந்துவிடுகின்றன. நகமும் எலும்பும் மறுபடி வளர்வது போல எனாமல் வளராது. தேய்த்தோ அரித்தோ போனது போனதுதான். பல்லை வெண்மையாக்கும் எந்த முறையை எடைபோட்டாலும், அது எனாமலைக் குறைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டியவை

மேலே படியும் கறையை அடையாளம் காண்பது எளிது. தேநீர், காபி, புகையிலை, வெற்றிலைபாக்கு ஆகியவற்றின் கறை பல்லிடுக்குகளிலும், ஈறை ஒட்டியும், கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்திலும் அதிகம் சேரும். ஈறு வீக்கத்துக்கு டாக்டர் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழுப்புக் கறை படியும். இரும்புச்சத்து சிரப் குடிக்கும் குழந்தைகளின் பல் கறுக்கும். இவை எல்லாம் ஸ்கேலிங், பாலிஷோடு போய்விடும். ப்ளீச்சிங் மருந்தே தேவையில்லை.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காரை பல வருடம் சேர்ந்து ஈறையும் எலும்பையும் கீழே தள்ளிய பிறகு, அந்தக் காரையே பற்களுக்கிடையில் சிமென்ட் போல அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளியே தெரிகின்றன. ஸ்கேலிங் அவற்றை உண்டாக்கவில்லை.

பல்லுக்குள் இருக்கும் நிறம் வேறு கதை. முக்கியமான நான்கு காரணங்கள்:

1. வயது. எல்லாப் பற்களும் ஒரே சீராக மஞ்சளாகும். ப்ளீச்சிங்கிற்கு மிக நன்றாக மசிவது இந்த வகை.

2. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். கர்ப்பத்தின் பிற்பாதியில் தாயோ, எட்டு வயதுக்குள் குழந்தையோ சாப்பிட்டால், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் கால்சியத்தோடு மருந்து பிணைந்துவிடும். பற்களின் குறுக்கே சாம்பல் அல்லது பழுப்பு நிறப் பட்டைகள் தெரியும். இப்போது குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கிறார்கள் என்பதால் நடுவயதைத் தாண்டியவர்களிடமே அதிகம் காணலாம்.

3. அடிபட்ட பல். சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது, கிரிக்கெட் பந்து பட்டது என்று ஏதாவது இருக்கும். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்திசுவான கூழ் (பல்ப்) செத்துப்போய், ரத்தத்தின் சிதைவுப் பொருள் டென்டினுக்குள் இறங்கியிருக்கும். ஒரே ஒரு பல் மட்டும் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வெண்மையாக்கும் பேச்சு அதற்குப் பிறகுதான். வேர் நுனியில் சீழ்க்கட்டி சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

4. ஃபுளூரோசிஸ். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தால் எனாமல் உருவாகும்போதே குறைபட்டுவிடும். லேசாக இருந்தால் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகள். கூடினால் பழுப்புக் கறை. இன்னும் கூடினால் எனாமலே குழி விழுந்து உதிரும். இரண்டு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி இருக்கும். அண்ணன் தம்பிக்கும், அதே தெருவில் வளர்ந்தவர்களுக்கும் இருக்கும். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் 1901-ல் பல் மருத்துவத் தொழிலைத் தொடங்கிய ஃப்ரெடரிக் மெக்கே, உள்ளூர்க்காரர்களின் பற்களில் கண்ட பழுப்புக் கறைக்குக் காரணம் தேடத் தொடங்கினார். தண்ணீரில் இருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்பது 1931-ல்தான் உறுதியானது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை இந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். ஆனால் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்த எனாமலை, பிறகு குடிக்கும் நல்ல தண்ணீர் மாற்றாது.

இந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளிடம், "பல் தேய்க்க மாட்டியா?" என்று பள்ளியிலும் பெண் பார்க்கும் இடத்திலும் கேட்கிறார்கள். பல் தேய்ப்பதற்கும் இந்தக் கறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது அவர்கள் குடித்த தண்ணீர் விட்டுச்சென்ற தடம்.

மருந்து என்ன செய்கிறது?

கிளினிக்கானாலும் வீடானாலும் அடிப்படை மருந்து ஒன்றுதான்: ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதலாகச் சேர்ந்தது. பனியன் துணியை வெளுக்கும் பட்டறைகளில் பயன்படுவதும் இதே பொருள்தான். மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் எனாமலில் உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக நுழைந்து டென்டின்வரை போகிறது. அங்கே நிறம் தரும் பெரிய கரிம மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றத்தால் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒளியை முன்போல உறிஞ்சுவதில்லை. அதனால் பல் வெளிறித் தெரிகிறது. மருந்து எனாமலைச் சுரண்டுவதில்லை, பல்லை மெலிய வைப்பதும் இல்லை. உப்புத்தாளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இரண்டாவது மருந்தின் பெயர் கார்பமைடு பெராக்சைடு. இது ஹைட்ரஜன் பெராக்சைடும் யூரியாவும் சேர்ந்த கூட்டு. வாயின் ஈரம் பட்டதும் இரண்டாகப் பிரியும். 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இந்தக் கணக்கு தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள். டப்பாவில் ‘35 சதவீதம்’ என்று மட்டும் பார்ப்பது போதாது. 35 சதவீத கார்பமைடு என்றால் உண்மையான வலு 12 சதவீதம். 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் அதைப்போல மூன்று மடங்கு, தோலில் பட்டால் சுடும் அளவு. இணையத்தில் வாங்கும் ஜெல்லில் எந்தப் பெராக்சைடு என்றே எழுதியிருக்காவிட்டால் அதை வாயில் வைக்கக் கூடாது.

வெளுப்பின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: மருந்தின் வலு, அது பல்லில் இருக்கும் நேரம். வலுவைக் கூட்டினால் நேரம் குறையும். வலுவைக் குறைத்தால் நேரம் கூடும். கிளினிக் முறையும் வீட்டு முறையும் இந்தத் தராசின் இரண்டு தட்டுகள்.

கிளினிக்கில் அந்த ஒரு மணி நேரம்

முறையாகச் செய்யும் இடத்தில் மருந்து வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். சொத்தை, வெடிப்பு, ஈறு இறங்கிய வேர், பழைய ஃபில்லிங் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சில நாள் முன்னதாகவே ஸ்கேலிங் முடிந்திருக்கும். பிறகு நிற அட்டவணையை எடுப்பார்கள். விட்டா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் அட்டவணையில் 16 போலிப் பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும். வெளிச்ச வரிசையில் வைத்தால் பி1 மிக வெளிறியது, சி4 மிகக் கறுத்தது. பல்லை ஈரமாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாக முன்பல்லின் பக்கத்தில் பிடித்து எது ஒத்துப்போகிறது என்று பார்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் படத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முன்னிருந்த நிறம் இரண்டே வாரத்தில் நமக்கு மறந்துவிடும். சிகிச்சை பலித்ததா என்று தெரிய வேறு சாட்சி இல்லை.

அடுத்து உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் வளையம். ஈறின் ஓரத்தில் பசை போன்ற பிசினை வரியாகப் பூசி, நீல விளக்கைக் காட்டிக் கெட்டியாக்குவார்கள். மருந்து ஈறில் படாமல் இருக்க இதுதான் கரை. இதைப் பொறுமையாகப் போடுகிறாரா என்பதை வைத்தே சிகிச்சையின் தரத்தைச் சொல்லிவிடலாம். பிறகு 25 முதல் 40 சதவீதம் வரை வலுவுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லைப் பல்லின் முகப்பில் பூசி, 15 அல்லது 20 நிமிடம் விட்டு, உறிஞ்சி எடுத்து, மறுபடி பூசுவார்கள். இரண்டு மூன்று சுற்று. எங்காவது கரை உடைந்து ஈறில் பட்டால் அந்த இடம் வெள்ளையாக மாறி எரியும். உடனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். கழுவிவிட்டால் லேசான வெளுப்பு பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சரியாகும். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் புண்ணாகும்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

1. நீல விளக்கு, லேசர். விளம்பரங்களில் இதுதான் முன்னால் நிற்கிறது. வலுவான மருந்தோடு விளக்கைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இறுதி நிறத்தில் சொல்லும்படியான கூடுதல் பலன் தெரியவில்லை. விளக்கு சூடு தருவதாக இருந்தால் பல்லுக்குள் இருக்கும் கூழும் சூடேறும். 1965-ல் குரங்குகளில் நடந்த பரிசோதனை ஒன்றில் கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தபோதே சில பற்களில் கூழ் மீளாமல் போனது. விளக்குக்கென்று தனிக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

2. எழுந்ததும் தெரியும் பளிச்சென்ற வெள்ளை. ஒரு மணி நேரம் வாய் திறந்தே இருந்ததில் பல்லின் ஈரம் வற்றியிருக்கும். வறண்ட எனாமல் ஒளியைக் குறைவாக ஊடுருவ விடுவதால் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். எச்சில் ஊறி ஈரம் திரும்பியதும் சில நாட்களில் ஒரு படி இறங்கும். ‘மூன்றே நாளில் மங்கிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று தோன்றுவது இதனால்தான். உண்மையான நிறத்தை இரண்டு வாரம் கழித்துத்தான் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

வீட்டில் ட்ரே வைத்துச் செய்வது

பல்வரிசைக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் ட்ரேக்குள் மருந்து வைத்து மாட்டிக்கொள்ளும் இந்த முறை தற்செயலாகக் கிடைத்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு மருத்துவர் பில் கிளஸ்மியர், ஈறு அழற்சி ஆற வேண்டும் என்று நோயாளிகளுக்கு 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு கிருமிநாசினியை, இரவில் பல்லில் மாட்டும் கருவிக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது, பல்லும் வெளுத்திருந்தது. பல ஆண்டுகள் வாய்வழியாகவே பரவிய இந்த உத்தியை 1989-ல் வட கரோலினாவைச் சேர்ந்த ஹேவுட், ஹேமன் என்ற இரு மருத்துவர்கள் முறையாக எழுதி வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் டாக்டர்கள் கொடுத்தனுப்பும் ட்ரே முறை அதுதான்.

நடப்பது இப்படி. பல்லை அச்செடுத்து, கல்வார்ப்புச் செய்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி உறிஞ்சவைத்து, உங்கள் பல்வரிசைக்கு மட்டுமே பொருந்தும் ட்ரே செய்வார்கள். ஒவ்வொரு பல்லின் முன்பக்கக் குழியிலும் அரிசிமணி அளவு ஜெல் போதும். ட்ரேயை மாட்டியதும் பிதுங்கி ஈறுக்கு வருவதை விரலாலோ பஞ்சாலோ துடைத்துவிட வேண்டும். நிறைய வைத்தால் சீக்கிரம் வெளுக்கும் என்று ட்ரேயை நிரப்புகிறார்கள். கூடுவது ஈறு எரிச்சல் மட்டும்தான். ட்ரேக்குள் இரண்டு மணி நேரம் கழித்தும் மருந்தின் பாதி வீரியம் மிச்சமிருக்கும் என்பதால் இரவு முழுவதும் வைத்திருப்பது வழக்கம். இரவில் முடியாதவர்கள் பகலில் இரண்டு மணி நேரம் வைக்கலாம். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம். டெட்ராசைக்ளின் பட்டைகளுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆறு மாதம்வரை ஆகும்.

மேல்வரிசையை மட்டும் முதலில் செய்யச் சொல்லும் டாக்டர் நல்ல யோசனை சொல்கிறார். கீழ்வரிசை பழைய நிறத்திலேயே இருப்பதால், வேறுபாடு நாள்தோறும் கண்ணாடியில் தெரியும்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். ட்ரேயைக் கொதிநீரில் கழுவாதீர்கள். சுருங்கி வடிவம் கெட்டுவிடும். ஜெல் சிரிஞ்சை ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் பெராக்சைடு வீரியம் இழந்துவிடும்.

கிளினிக் முறையா, ட்ரேயா என்று கேட்டால்: சில வாரம் கழித்துப் பார்க்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கிளினிக்கில் வேகம், ட்ரேயில் பல் கூச்சம் குறைவு, கட்டுப்பாடு நம் கையில். அவசரம் இல்லாதவருக்கு டாக்டர் செய்து கொடுக்கும் ட்ரேதான் நல்ல வழி என்பேன். நெடுநாள் அனுபவமும் ஆய்வும் அதிகம் உள்ளதும் அந்த 10 சதவீத மருந்துக்குத்தான். வீட்டு முறைகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 71 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. வெளுப்பது உண்மை, ஆனால் ஆதாரங்களின் உறுதி குறைவு, நீண்டகாலத் தகவல் போதாது என்றது. பக்கவிளைவுகளில் அதிகம் பதிவானவை பல் கூச்சமும் வாய் எரிச்சலும்.

காபியை நிறுத்த வேண்டுமா என்பது நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. சிகிச்சைக் காலத்தில் காபி குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் இறுதி நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. ட்ரேயைக் கழற்றியதும் டம்ளரைக் கையில் எடுக்காமல் சற்று நேரம் விட்டுக் குடித்தால் போதும்.

கூச்சம் ஏன் வருகிறது?

பெராக்சைடு டென்டினோடு நிற்பதில்லை. பூசிய சில நிமிடங்களிலேயே கூழ்வரை எட்டிவிடும். நரம்பு இருப்பது அங்கேதான். குளிர்ந்த காற்று பட்டாலே சுரீர் என்பது, ஒன்றும் படாமலே மின்வெட்டாக ஒரு குத்து குத்துவது இரண்டும் இதன் விளைவுகள். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்கள், சொத்தையோ வெடிப்போ உள்ளவர்கள் அதிகம் அவதிப்படுவார்கள். அவர்களுக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்பிருந்தே பயன்படுத்துவது உதவும். அதையே ட்ரேயில் விட்டுப் பத்து முதல் முப்பது நிமிடம் வைப்பதும் நல்ல பலன் தரும். அப்படியும் கூசினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து வைக்கலாம். பொறுத்துக்கொள்வதால் கூடுதலாக வெளுக்காது.

கடையிலும் அடுப்படியிலும்

‘வைட்டனிங்’ பேஸ்ட்டுகளில் பெரும்பாலானவை பெராக்சைடு இல்லாதவை. மென்மையான மணல் போன்ற சிலிக்காத் துகளால் மேற்கறையைத் தேய்த்து எடுக்கின்றன, உள்நிறத்தைத் தொடுவதில்லை. சிலவற்றில் நீலச் சாயம் இருக்கும். மஞ்சளான வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது போலத்தான்: நீலம் மேலே படிந்து மஞ்சளை மறைக்கிறது, சில மணி நேரத்தில் கழுவிப்போகிறது. ஊதா நிறப் பேஸ்ட்டுகளும் இதே கணக்கு.

கரித்தூள் பேஸ்ட் புதிதாக வந்ததல்ல. நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் விளக்கினார்கள். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கறையை எடுக்கும், ஆனால் சொரசொரப்பு அளவில்லாதது. செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், நறநறவென்ற பல்பொடி எல்லாம் அதே ரகம். ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் ஈறோரத்தில் பள்ளம் விழுந்து, எனாமல் மெலிந்து, அடியிலுள்ள மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரியும். வெண்மைக்குத் தேய்த்தவர் மஞ்சளைச் சம்பாதிக்கிறார். கரிப் பேஸ்ட்டுகள் பாதுகாப்பாகப் பல்லை வெளுக்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2017-ல் அமெரிக்க பல் மருத்துவச் சங்க இதழில் வந்த மதிப்பீடும் சொன்னது.

எலுமிச்சையும் உப்பும் இவை எல்லாவற்றிலும் மோசம். எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலை சுமார் பி.எச். 5.5. எலுமிச்சைச் சாறு சுமார் 2; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். அமிலத்தால் மிருதுவாக்கி, உப்பால் தேய்த்தெடுக்கிறோம். முதல் சில நாள் பளிச்சென்று தெரிவது எனாமலின் மேல்தோல் உரிந்ததால்தான். சமையல் சோடாவுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது; மென்மையானது, அமிலமும் அல்ல. ஆனால் அதுவும் மேற்கறையோடு நின்றுவிடும்.

மருந்து மசியாத இடங்கள்

ஃபில்லிங், கேப், வெனீர் எதுவும் வெளுக்காது. முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருந்தால் ப்ளீச்சிங்கிற்குப் பின் அது திட்டாகத் தனித்துத் தெரியும். அதை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் உடனே அல்ல. பல்லில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பிசின் ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

ரூட் கேனால் செய்த கறுத்த பல்லை உள்ளிருந்து வெளுக்கலாம். சோடியம் பெர்போரேட்டைப் பல்லுக்குள் வைத்து மூடி, சில நாளுக்கொரு முறை மாற்றுவார்கள். வலுவான பெராக்சைடை உள்ளே விட்டுச் சூடுகாட்டும் பழைய முறையில் ஈறோரம் வேர் அரிக்கும் ஆபத்து கண்டறியப்பட்டதால், அதை இப்போது தவிர்க்கிறார்கள்.

ஃபுளூரோசிஸ் பல்லில் ப்ளீச்சிங் மட்டும் செய்தால் வெள்ளைத் திட்டுகள் தொடக்கத்தில் இன்னும் வெள்ளையாகத் தெரியலாம். லேசான பழுப்புக்கு, அமிலமும் துகளும் கலந்த பசையால் மேலடுக்கை மிக மெல்லியதாக எடுக்கும் மைக்ரோ அப்ரேஷனும், திட்டுக்குள் பிசினை ஊறவைக்கும் முறையும் பலிக்கும். குழி விழுந்த பல்லுக்குப் பூச்சோ வெனீரோதான்.

பதினெட்டு வயதுக்குக் கீழே அழகுக்காகச் செய்ய வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடலாம்; தீங்கு நிரூபிக்கப்பட்டதால் அல்ல, பாதுகாப்பு நிரூபிக்கப்படாததால்.

வெற்றிலைபாக்கு, பான் மசாலா பழக்கம் உள்ளவர்கள் கறைக்காக வரும்போது டாக்டர் பார்க்க வேண்டியது பல்லை மட்டும் அல்ல. கொட்டைப்பாக்கே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. வாய் முன்போல அகலத் திறக்கவில்லை, சாம்பார் பட்டாலே எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்திருக்கிறது, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறது என்றால் வெண்மையாக்கும் பேச்சை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

யார் செய்யலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் 31 முதல் விதி தெளிவு. 0.1 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளதைக் கடையில் விற்கலாம். அதற்கு மேல் 6 சதவீதம்வரை பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். முதல் முறை அவரோ அவரது மேற்பார்வையிலோ செய்ய வேண்டும். பதினெட்டுக்குக் கீழே கூடாது. பிரிட்டனில் பல்லை வெண்மையாக்குவது பல் மருத்துவத் தொழிலே என்று 2013-ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அழகு நிலையத்தில் செய்வது அங்கே குற்றம். லண்டனிலும் பாரிஸிலும் உள்ள நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் சட்டப்படி பல் மருத்துவம் செய்ய மாநில கவுன்சிலில் பதிவு வேண்டும். பியூட்டி பார்லரில் ‘டீத் வைட்டனிங்’ பலகை பார்த்தால், மருந்து வைப்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஈறுக்குக் கரை கட்டத் தெரியாதவரும், கறுத்த பல்லுக்கு எக்ஸ்ரே கேட்காதவரும் வலுவான பெராக்சைடைக் கையில் எடுக்கக் கூடாது.

கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்?

பத்து நாளில் ஸ்கேலிங், பாலிஷ் நன்றாகச் செய்யலாம். வெற்றிலை, காபிக் கறைதான் பிரச்சினை என்றால் அதுவே போதும். முழு வேலைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்:

1. முதல் வாரம்: பரிசோதனை, தேவையான எக்ஸ்ரே, சொத்தை அடைத்தல், ஸ்கேலிங், நிறப் புகைப்படம். கூச்சப் பேஸ்ட்டும் அப்போதே தொடங்கட்டும்.
2. மூன்றாம், நான்காம் வாரம்: ட்ரே.
3. ஐந்தாம், ஆறாம் வாரம்: ஒன்றும் செய்யாமல் விடுங்கள். நிறம் நிலைக்கட்டும், ஆக்சிஜன் வெளியேறட்டும்.
4. ஏழாம் வாரம்: முன்பல்லில் பழைய ஃபில்லிங்கோ கேப்போ இருந்தால், புது நிறத்துக்கு ஒத்ததாக மாற்றுங்கள்.

கேப் போடப்போகிறவர்களுக்கு இந்த வரிசை மிக முக்கியம். முதலில் கேப் போட்டுவிட்டுப் பிறகு பல்லை வெளுத்தால், புதுக் கேப்பை மறுபடி மாற்ற வேண்டிவரும்.

வெளுத்த நிறம் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு தாங்கும்; பிறகு மெல்ல மங்கும். ட்ரேயைத் தூக்கி எறியாமல் டப்பாவில் வைத்திருந்தால், அதே ட்ரேயில் ஓரிரு இரவு மருந்து வைத்தே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சிரிஞ்சுக்கு மட்டும்தான் செலவு.